உத்திரத்து முனையில் ஓலைச் சிலுவை

ராயபுரத்தில் பழைய மாடி வீடுகளின் உத்திரம் உளுத்துப்போனால் பாஸ்கல் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். காசிமேட்டில் மரப் படகு செப்பனிட்டுப் பழகிய கை. வயது ஐம்பத்து நான்கு. இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. காலைப் பூசை கண்டுவிட்டுத்தான் உளியைத் தொடுவார். உத்திரத்தை இரும்பு ஜாக்கி முட்டுக்கொடுத்துத் தாங்கி நிற்கிற நேரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். மரம் ஏதாவது சொன்னால் காதில் விழ வேண்டுமாம்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்து மூன்றாவது உத்திரம், சுவருக்குள் நுழைகிற இடத்தில் மாவு மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. திருப்புளியால் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் விரலை விட்டு இழுத்தால், ஓலைச் சிலுவைகள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையைக் குப்பையில் போடக்கூடாது என்று இருபத்தாறு வருடமாக நான்தான் அங்கே செருகிவந்தேன். மழைக் குழாய் ஒழுகிச் சுவரில் இறங்கிய ஈரத்தை அத்தனை ஓலையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஈரத்துக்குக் கரையான் வந்திருக்கிறது.

கூட வேலை செய்கிற அன்பரசன் சிரித்தான். “இன்னாக்கா, வூட்டையே ஓலை மேல நிக்க வெச்சிகினு கீறியா?”

பாஸ்கல் அண்ணன் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணி கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தார். கோயிலில் கொடுத்துவிடு, எரித்துச் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூச ஆகும் என்றார்.

மாடியில் இருந்த என் மகன் நெல்சனையும் மருமகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு ஜாக்கிகள் உத்திரத்தின் பாரத்தை வாங்கிக்கொண்டன. உளுத்த முனையைச் சாய்வாக அறுத்து எடுத்தார்கள். அதே சாய்வில் புதுத் தேக்கு முனை தயாராக இருந்தது. அதைச் சுவர்க் குழிக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்க வேண்டும்.

அந்தப் புது முனையைத் தூக்கிவர இருவரும் வாசலுக்குப் போனார்கள். பாதி மரம் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, விழுந்துவிடும் என்றே எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் முன்பு கோயிலிலிருந்து கொண்டுவந்த புதுச் சிலுவைகள் ஐந்தையும் நூலால் கட்டி, ஏணியில் ஏறிக் குழியின் கோடியில் வைத்துவிட்டேன். ஆண்டவர் தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன்.

புது முனை உள்ளே போனது. கடைசி அரை அங்குலம் போகவில்லை. போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை. கொட்டாப்புளியால், அந்த மரச் சுத்தியலால், தட்டினார். மேலிருந்து காரை உதிர்ந்தது. ஒரு ஜாக்கிக்கு அடியில் தரைக்கல் டப்பென்று விரிசல் விட்டது. வெளியே போ என்று பாஸ்கல் அண்ணன் கையைக் காட்டினார். அன்பரசன் வெளியே போய்விட்டான். அவர் மட்டும் அடியில் நின்றார். தன் அளவுதான் தப்பிவிட்டது என்று எண்ணி ரம்பத்தை எடுத்தார். முனை குறைந்தால் சுவரில் பிடிப்பும் குறையும் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார்.

சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தலைக்கு மேலே மரம் முனகியது.

“அறுக்காதண்ணே. உள்ள நான் ஓலை வெச்சிட்டேன்.”

ஜாக்கி நிற்கும்போது அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“வெளிய போ தங்கச்சி. இங்க நிக்காத.”

அன்பரசன் யாரும் கூப்பிடாமலே திரும்ப உள்ளே ஓடினான். நான் வாசலில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் கொட்டாப்புளி மூன்று அடி. அப்புறம் ஸ்பேனர் திருகும் சத்தம்.

முகமெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். நசுங்கிய சிலுவைகளை என் கையில் கொடுத்தார்.

“சாமிய செவுத்துல மாட்டு. சந்துல காத்து மட்டும் இருக்கட்டும். மரத்துக்கும் மூச்சு வேணும்ல?”

முனையைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடம் விட்டிருந்தார்.

இந்த வருடம் குருத்தோலைப் பூசை முடிந்து, கையில் ஓலையோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஸ்டூலில் ஏறிச் சந்துக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார். காலிதான் என்று தெரிந்த பிறகுதான் டீ கேட்டார்.