மோனோசைட் நான்கு

எங்கள் அண்ணிக்கு லேப்பில் ‘நூறு’ என்று பெயர். முதலாளி வைத்தது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களை ரகம் பிரித்து எண்ணினால் எல்லாம் சேர்ந்து நூறு வரவேண்டும். மற்றவர்கள் எண்ணினால் தொண்ணூற்றெட்டு வரும், நூற்றிரண்டு வரும், அடித்துத் திருத்துவார்கள். அண்ணியின் கணக்கில் அடித்தல் திருத்தலே கிடையாது. “கூட்டல்ல இந்தம்மாவ அசைச்சுக்க முடியாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி பெருமையடிப்பார். அண்ணிக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

நான் அங்கே ரத்தம் எடுக்கிறவள். சொல்லிச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். அதற்காக அவளைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுவேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்ராஸ்கோப்பில் என் தலையைப் பிடித்துக் குனியவைத்து அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். “இதோ, உட்கரு துண்டு துண்டா இருக்கு பாரு, இது நியூட்ரோஃபில். கிருமி உள்ள வந்தா முதல்ல ஓடிப்போயி சண்டை போட்டுச் சாகிறது இதுதான். சீழ்னு சொல்றோமே, பாதி இதோட பொணம்.” பிறகு ரத்தம் தடவிய ஸ்லைடுக் கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினாள். “இந்தப் பெரிசு மோனோசைட். இது பின்னாடி நிதானமா வரும். ரத்தத்த விட்டு சதைக்குள்ள போயி, செத்தது அழுகினது எல்லாத்தையும் தின்னு சுத்தம் பண்ணும். இது மாசக்கணக்கா ஏறியே நின்னா சும்மா விடக்கூடாது, என்னன்னு பாத்தாகணும்.”

இவ்வளவும் தெரிந்தவள் அவள். என் வயிற்றெரிச்சலே அதுதான். தெரியாமல் செய்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

காலையில் ஏழு மணிக்கே அறுபது பேர் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பதினொன்றுக்கு ரிப்போர்ட் கைக்கு வரவேண்டும். மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. நூறு எண்ணவேண்டிய இடத்தில் அண்ணி ஐம்பது எண்ணி இரண்டால் பெருக்குவாள். அதையும் ஸ்லைடின் நடுவில் மட்டும் எண்ணுவாள். மோனோசைட்டோ ஓரம் பார்த்து ஒதுங்குகிற ஜாதி, நடுவில் அவ்வளவாகச் சிக்காது. எதிரில் நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

“மோனோசைட், அண்ணி?”

“நாலு போடு.”

அடுத்த ஸ்லைடுக்குக் கை போயிருக்கும். நான்கு என்பது யாரும் கேள்வி கேட்காத எண். அதைப் போட்டு, நூறுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை மற்ற ரகங்களின் தலையில் கட்டிவிடுவாள். போகப்போக நான் கேட்பதையும் விட்டேன். நானே நாலு போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போக முடிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு வயதிலும் ஒரு நாள் லீவு போடாதவன். போன வருஷம் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், படியேறினால் மூச்சு வாங்கல், முழங்காலில் ஒரு கட்டி வந்து ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். நான் எடுத்தேன், அண்ணி பார்த்தாள், நோட்டில் நான் எழுதினேன். மொத்த அணுக்கள் கொஞ்சம் கூடுதல், மோனோசைட் நான்கு. ஏதோ கிருமி என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் அவன் கையை நீட்டி, “சொந்த லேப்பு இருக்கிறப்ப எனக்கென்னடி கவல” என்று சிரித்தான்.

ஏழாவது மாதம் பஸ்ஸிலேயே மயங்கினான். நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மோனோசைட் முப்பத்தொன்று என்றார்கள்.

ரத்த நோய்ப் பிரிவு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கமாகவே சொன்னார். “சுத்தம் பண்ணவேண்டிய அணுவே தாறுமாறாப் பெருகியிருக்கு. நியூட்ரோஃபிலும் நிறைய இருக்கு, ஆனா அரைகுறையா வளந்தது, வேலைக்கு ஆகாது. அதான் கட்டி ஆறல. இது ரத்தப் புத்துநோய். மெதுவா வந்ததா வேகமா வந்ததான்னு இப்ப முடிவு பண்ணணும். எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. உங்க பழைய ரிப்போர்ட்ல ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் நாலுதான். அப்ப வேகமானதுதான். வியாழக்கிழமை கடுமையான மருந்து ஆரம்பிக்கணும். இவர் இதயம் தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு.”

“மெதுவா வந்ததா இருந்தா?” என்று அண்ணி கேட்டாள்.

“மாத்திரைல சமாளிச்சுப் பாக்கலாம். ஆனா ரிப்போர்ட் அப்படிச் சொல்லலியே.”

அன்று திங்கள்கிழமை. மறுநாள் மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு அண்ணி லேப்பின் பின்னறையில் பழைய ஸ்லைடுகளைத் தேடினாள். முதலாளி புது ஸ்லைடுக் கண்ணாடி வாங்க மாட்டார். பழையதைக் கழுவித்தான் திரும்ப உபயோகிப்போம், கழுவுவது என் வேலை. நான் சோம்பேறித்தனமாக ஒரு வருஷ ஸ்லைடுகளைச் செருப்பு டப்பாக்களில் அடைத்துவைத்திருந்தேன். வாழ்க்கையில் என் சோம்பேறித்தனம் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அண்ணனுடைய மூன்றும் கிடைத்தன.

அண்ணி முதல்முறையாக ஓரத்திலிருந்து ஓரம்வரை, இருநூறு எண்ணினாள். ஏழு மாதத்துக்கு முந்தியதில் மோனோசைட் நூற்றுக்குப் பதினான்கு. நான்கு மாதத்துக்கு முந்தியது பதினெட்டு. போன மாதத்தது இருபத்திமூன்று. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்றையும் மறுபடி எண்ணினாள். அதே எண்கள்தான் வந்தன.

“வெளில தெரிஞ்சா வேலை போயிடும் அண்ணி,” என்றேன். வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு முதலில் அதுதான் தோன்றியது.

“போகட்டும்,” என்றாள்.

புதன்கிழமை அண்ணனை வைத்துக்கொண்டேதான் சொன்னாள். ஸ்லைடு டப்பாவை மேஜைமேல் வைத்து, “டாக்டர், அந்த ரிப்போர்ட்ல நாலுன்னு இருக்கிறது எண்ணிப் பாத்து எழுதினதில்ல. இதுதான் நிஜம்” என்று புது எண்களை நீட்டினாள். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்து அண்ணன் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

“எண்ணாம யாரு எழுதினது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“நான்தான்,” என்றாள் அண்ணி.

நான் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஸ்லைடுகளை அவர்களும் பார்த்து உறுதிசெய்தார்கள். கடுமையான மருந்து ரத்தானது, மாத்திரை ஆரம்பித்தார்கள். “ஏழு மாசம் முன்னாடியே வந்திருந்தா மண்ணீரல் இவ்வளவு வீங்கியிருக்காது” என்று டாக்டரம்மா சொன்னதை அண்ணன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். முதலாளி அண்ணியை அன்றைக்கே அனுப்பிவிட்டார். எத்தனை பேருக்கு இப்படி எழுதினோம் என்று அவர் கேட்கவே இல்லை. அண்ணிதான் வாசலில் நின்று, கழுவாத டப்பாக்களையாவது மறுபடி எண்ணிப் பார்க்கத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மறுநாளே முதலாளி என்னைக் கழுவச் சொன்னார். கழுவினேன்.

இப்போது வாராவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வருகிறது. அண்ணன் அண்ணியோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறான். ரிப்போர்ட் கவரை மட்டும் அவளைத் தொட விடுவதில்லை. நான் வரும்வரை தலையணைக்கு அடியிலேயே வைத்திருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் எடுத்து நீட்டினான்.

“நீ படிம்மா. நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். லேப் நோட்டில் அந்த நாலு யார் கையெழுத்து என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

நான் கவரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.