வெள்ளி வளையத்தில் ஓர் எழுத்து

மாலதி தன் அப்பாவின் புகையிலைக் குழாயை, அந்தப் பைப்பை, படமெடுத்து அனுப்பியிருந்தாள். "இது எந்த வருஷத்துது, பார்த்துச் சொல்லுடி." பழைய பொருள் வாங்கி விற்கிற நான் படத்தைத் திறந்ததுமே, கருகிய வெல்லம் போன்ற அந்த வாசனை மூக்கில் ஏறியது.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்பாக்கள் இருவரும் மைன்ஸில், ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் வந்து நிறுவிய ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு லீவில் அந்தக் குழாய் திடீரென்று அவர்கள் கண்ணாடி அலமாரிக்கு வந்தது. அதுவரை டிரங்குப் பெட்டியில் இருந்ததாம்.

"ஜெர்மன் இன்ஜினியர் ஊருக்குப் போறப்ப எங்கப்பாவுக்குக் குடுத்தது" என்பாள் மாலதி. தெருப் பிள்ளைகளையெல்லாம் முகர்ந்து பார்க்க விடுவாள், என்னைக் கடைசியில்தான். எனக்கு வயிறு எரியும்.

செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய என் அப்பாவிடம் கேட்டேன். "உங்களுக்கு ஏம்ப்பா ஒண்ணும் தரல?"

"கை குலுக்கிட்டுப் போனாரு. அவ்ளோதான்" என்றார் அப்பா, ஷூ கயிற்றைக் கட்டியபடி.

படத்தைப் பெரிதாக்கினேன். குழாயைச் சுற்றிய வெள்ளி வளையத்தில் சின்னதாக ஓர் எழுத்து. இங்கிலாந்து வெள்ளியில் வருடத்துக்கு ஓர் எழுத்தாகக் குத்துவார்கள். இந்த எழுத்து நாங்கள் நான்காம் வகுப்பு படித்த வருடத்துடையது. அந்த இன்ஜினியர் ஊருக்குப் போனதோ நாங்கள் பிறப்பதற்கு முன்பு.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "உங்கப்பா விட்ட கதைடி அது" என்று டைப் செய்தேன். அனுப்பும் முன்தான் உறைத்தது: மகள் தெருவில் பீற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் எங்கெங்கோ கடை ஏறி இறங்கி இதை வாங்கியிருக்கிறார்.

அழித்துவிட்டு, "பழசுதான்" என்று மட்டும் அனுப்பினேன்.

எனக்காக என் அப்பா ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.