தோற்கிற அணியின் ஒரே ரசிகன்

அத்தான் விளையாடப் போட்ட பச்சைச் சட்டையின் முதுகில் யாரோ ஒரு இத்தாலியனுடைய பெயர் இருந்தது. எங்கள் தொழிற்சாலையின் சொஃப்ட்போல் (கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான மட்டைப்பந்து) அணியில் நன்றாக ஆடியவர்கள் எல்லாரும் கூடுதல் சம்பளத்துக்கு வேறு இடங்களுக்குப் போய்விட, சட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. சட்டைக்கு ஆள் தேடித் திரிந்த எங்கள் மேற்பார்வையாளன் போர்மனின் கண்ணில் அத்தான் பட்டார். என் அக்காவின் கணவர். ஊரில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். மட்டை பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்த மட்டையும் ஒன்றுதான் என்று போர்மன் நினைத்திருக்க வேண்டும். ஆளைக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடை அது. அத்தானும் நானும் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மல்வேர்னில் ஒரு வாடகை அப்பார்ட்மென்டில் இருந்தோம். வெக்ஸ்போர்டில் இருந்த தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அக்காவும் அவர்களின் நாலு வயது மகனும் ஊரில். அவர்களை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஊரில் சண்டை மூண்டது. தொலைபேசி இல்லை, பாதை இல்லை. கொழும்பில் இருந்த மாமிக்கு எடுத்தால், 'ஒண்டும் தெரியேல்லை மோனை' என்பதைத்தான் விதம்விதமாகச் சொல்லுவா. அத்தான் மகனைக் கடைசியாகக் கண்டது அவன் தவழ்ந்த காலத்தில். 'சின்னவன்' என்றுதான் சொல்லுவார். அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் தணியும்.

சனிக்கிழமைகளில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பூங்காவில் சொஃப்ட்போல் மச் நடக்கும். எனக்குப் பந்தைக் கண்டாலே பயம், ஆகையால் ரசிகனாகப் போனேன். மற்ற அணிக்குப் பெண்சாதி, பிள்ளை, நாய் என்று ஒரு கூட்டமே வரும். எங்கள் பக்கத்து மரவாங்கில் குந்தியிருந்தது நான் ஒருவன்தான். முதல் மச்சில் அத்தான் மிக அழகாக ஒரு பந்தைத் தடுத்து ஆடினார். பந்து காலடியில் செத்து விழுந்தது. அத்தான் திருப்தியோடு மட்டையை ஊன்றிக்கொண்டு, அடுத்த பந்துக்காக நின்றார். போர்மன் 'ரன்! ரன்!' என்று குளறுகிறான். அத்தானோ, 'உதுக்கெல்லாம் ஓடுறதோ?' என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பந்தை அடித்தவன் கட்டாயம் ஓடவேண்டும், மட்டையை எறிந்துவிட்டு ஓடவேண்டும், தரையில் கிடக்கும் வெள்ளை மெத்தைத் துண்டான பேஸில் பந்து வருவதற்கு முதல் காலை வைக்கவேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க எங்களுக்கு இரண்டு கிழமை போனது.

அணி தோற்றது. அடுத்த சனியும் தோற்றது. 'இது ரீபில்டிங் சீசன்' என்று போர்மன் முதுகில் தட்டிச் சொல்லுவான். இடிந்ததைக் கட்டியெழுப்புகிற பருவமாம். எங்களுக்கு அத்திவாரமே இருக்கவில்லை என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

முதல் தோல்விக்குப் பிறகு பஸ்ஸில் வரும்போதுதான் அத்தான் அதைச் சொன்னார்.

"தம்பி, நான் ஒண்டு நினைச்சுக்கொண்டு விளையாடினனான். வெண்டால் கொக்காவும் சின்னவனும் சுகமா இருக்கினம் எண்டு."

"தோத்திட்டமே அத்தான்."

"அடுத்த கிழமை பாப்பம்."

ஊரில் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றிச் சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். நினைத்த பூ வந்தால் காரியம் சரி. வராவிட்டால், 'மனம் ஒருநிலையில இல்லை' என்று சொல்லி மறுபடியும் கட்டுவார்கள். கோயிலில் கட்டவேண்டிய பூவை அத்தான் இந்தக் கையாலாகாத அணியில் கட்டினார். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்ட பிறகு என்னால் அந்த வாங்கில் சும்மா இருக்க முடியவில்லை. வானத்தில் எழும்பிய ஒவ்வொரு பந்திலும் என் அக்கா இருந்தாள். பிடிக்கவேண்டியவன் அதைக் கோட்டைவிடும்போது நான் வாங்கிலிருந்து எழும்பி நிற்பேன். ரசிகனுக்கு வாயைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நான் தமிழில் கத்தினேன். யாருக்கும் விளங்கவில்லை. அத்தான் சனிக்கு சனி பூவை மாற்றிக் கட்டிக்கொண்டேயிருந்தார்.

ஆடி மாதத்தில் கடைசி மச் வந்தது. எங்களைப் போலவே அடியில் கிடந்த இன்னொரு அணியோடு. அன்றைக்கு என்ன அதிசயமோ, முடிவில் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. எங்கள் ஆள் ஒருவன் மூன்றாவது பேஸில் நிற்கிறான். அத்தான் அடித்துவிட்டு முதல் பேஸுக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்தால் போதும், அவன் ஓடிவரும் ஓட்டம் கணக்கில் சேரும், வெற்றி. மூன்றாவது ஆளாக அத்தான் ஆட்டமிழந்தால் எங்கள் முறை முடியும், அந்த ஓட்டமும் செல்லாது.

அவர் அடித்தார். பந்து தரையில் உருண்டு தூரத்தில் நின்றவனுடைய கைக்குப் போனது. நல்ல அடி, நல்ல ஓட்டம். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கையில் மட்டை இருந்தது. ஒன்றரை மாதமாக ஒருநாளும் மறக்காமல் எறிந்துவிட்டு ஓடிய மனிதர். "மட்டையைப் போடுங்கோ அத்தான்!" என்று கத்தினேன். எறிந்த பந்து வருகிறது. அத்தான் குனிந்து, கையை முழுக்க நீட்டி, மட்டையை நிலத்தோடு தேய்த்து பேஸில் தொட்டார். கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுகிற மாதிரியே, அச்சொட்டாக. தொட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தார். அவருடைய கால் ஓரடி பின்னால் நின்றது. நான் "கால்! கால்!" என்று குளறினேன். பந்து பேஸில் நின்றவனுடைய கையுறைக்குள் விழுந்தது. நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார்; ஆட்டம் சமமாகவே முடிந்தது, வெற்றி இல்லை. அத்தானுடைய சிரிப்பு உடனே மறையவில்லை. தான் முந்திவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போர்மன் வந்து விளக்கும்வரைக்கும் அவர் மட்டையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

இந்த முறை பஸ்ஸில், அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்ல அடுத்த கிழமை இல்லை.

பாதை திறந்தபிறகு ஒரு காலையில், நாங்கள் வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நிற்கும்போது மாமி ரெலிபோன் எடுத்தா. அக்கா இருக்கிறாள். சின்னவன் இல்லை. கோயிலில் அடைக்கலம் தேடி ஓடிய வழியில் ஷெல் விழுந்ததாம். வைகாசிக் கடைசியில். நாங்கள் மச் தோற்கத் தொடங்கிய காலம்.

அக்கா வந்து சேர்ந்தாள். பிறகு இரண்டு பெண்பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், இன்று மில்லிக்கனில் வீடு, வாசலில் இரண்டு கார். அத்தான் அதற்குப் பிறகு மட்டை தொடவில்லை. ஒவ்வொரு வருடமும் சின்னவனின் திவசத்தன்று, படைத்துச் சாப்பிட்டு முடிந்ததும், என் பக்கத்தில் வந்து இருந்து மெல்லச் சொல்லுவார்: "நான் காலை வைச்சிருக்க வேணும்." எனக்கு ஆற்றாமையாக வரும். படித்த மனிதர், பேத்தி கண்டவர். இவருக்கு எத்தனை தரம் சொல்வது? போன வருடம் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அத்தான், அவன் அதுக்கு முதலே செத்திட்டான். நீங்கள் காலை வைச்சாலும் ஒண்டுதான், வைக்காட்டிலும் ஒண்டுதான்."

"ஓம், தெரியும்" என்றார். "எண்டாலும் அண்டைக்கு வெண்டிருந்தால், மாமி ரெலிபோன் எடுக்குமட்டும் அவன் இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன்."