டீச்சர் தொலைத்த சாவி

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, எங்கள் வாடகை வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற மத்தியானத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வாசற்படியில் நின்று கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். சீப்பு விழுந்தது, பவுடர் டப்பி விழுந்தது, துண்டு துண்டாகச் சோக்குக் கட்டி விழுந்தது. சாவி விழவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஐயோ பாவம், நல்லாப் பாருங்க டீச்சர்" என்றேன். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் சாட்சாத் நான்தான்.

அவளை வீட்டில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். மாமியார் தொடங்கி வைத்த மரியாதை அது. அவளுக்கு எத்தனையோ வருஷம் முன்னால் வந்த மூத்த மருமகள் நான். எனக்கு 'இந்தா' என்பதுதான் பெயர்.

இது அறுபதுகளில், மாத்தளை டவுனில். வீடு ஒரு இரும்புக் கடை முதலாளியுடையது. முஸ்லிம் மனிதர், தெருவே அவரை நானா என்று கூப்பிடும். முன்கதவோடு சேர்த்துப் பதித்த பெரிய பூட்டு, சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும். ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று நானாவின் கடை மேசை லாச்சியில். எங்கள் சாவி வருஷக்கணக்காக மாமியாரின் இடுப்பில்தான் கிடந்தது. டீச்சர் கலியாணமாகி வந்த மாதமே அதை அவிழ்த்து அவள் கைப்பைக்குள் போட்டுவிட்டார். நான் குத்துக்கல் மாதிரிப் பக்கத்தில் நின்றேன். படித்தவளாம், பொறுப்பானவளாம். வயிறு எரிந்தது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறென்ன நல்ல பெயர் வைக்கச் சொல்கிறீர்கள்?

அதிலுள்ள கூத்தைக் கேளுங்கள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறந்துவிடுவதே நான்தான். சாவியால் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குத்தான் அது வேண்டியிருந்தது. கொழுந்தன் தையல் கடைக்குப் போய்விடுவார். மாமியார் காலையில் சாப்பிட்டுக் கை கழுவினால் தெருமுனையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரர் தம்புள்ளையில் கடை உத்தியோகம், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டைப் பூட்டாமல் நான் வாசல் தாண்ட முடியாது. நாவுலயில் என் தங்கச்சிக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து மாதம் ஒன்றாகிவிட்டது. பிள்ளை எந்தச் சாடை என்று ஊரெல்லாம் வந்து சொல்கிறது, பெரியம்மாக்காரி நான் முகம் பார்க்கவில்லை. "நாவுலக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரேன் அத்தை" என்றால், "டீச்சர் வரட்டும்" என்பார். டீச்சர் வரும் நேரத்துக்குப் புறப்பட்டால் அன்றைக்கே திரும்பி வர பஸ் கிடையாது. டீச்சரோ சனிக்கிழமையானால் குடையை விரித்துக்கொண்டு சினேகிதிகளோடு ரத்தோட்டைப் பக்கம் போய் வருவாள். ரிவர்ஸ்டன் மலையில் பனியாம், குளிராம், வந்து எனக்குக் கதை சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பேன்.

அப்படிப்பட்டவள் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? மகள் வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமியார் இனி பொரிந்து தள்ளப் போகிறார் என்று கதவோரம் வாகாக நின்றுகொண்டேன். டீச்சர் விசும்பத் தொடங்கினாள். மாமியார் அவள் முதுகைத் தடவினார்.

"போனாப் போகுது, அழாதம்மா. சாவி போனா என்ன, ஆளா போச்சு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்தா, டீச்சருக்கு ஒரு பால்தேத்தண்ணி போட்டுக் குடு."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் சின்ன மருமகள் என்று ஒருத்தியைப் பார்த்ததில்லை. தேத்தண்ணியில் சீனி போடாமலே கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே குடித்ததால் அதுவும் தெரியவில்லை.

பிறகுதான் யோசனை. கடையிலிருந்து வந்த கொழுந்தன், "நானாவோட சாவிய ஏதாச்சும் சாக்குச் சொல்லி வாங்கி, அதே மாதிரி ஒண்ணு வெட்டிக்குவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மாமியாரோ அதற்குள் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போய் ஒப்பாரி வைத்துவிட்டு வந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாவி தொலைஞ்சா முதல்ல வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லணும், அதுவும் இன்னைக்கே" என்றேன். "ஊருக்கெல்லாம் சொன்னா கள்ளனுக்கும் சொன்ன மாதிரிதான். எடுத்தவன் சும்மா இருந்தாலும் நாமளே வீட்டக் காட்டிக் குடுக்குறோம். நாளைக்கு ஒண்ணு களவு போச்சுன்னா, மறைச்சீங்களேன்னு நானா கேக்க மாட்டாரா?"

சரி, நீயே போய்ச் சொல்லு என்றார்கள். தொலைத்தவள் கட்டிலில் படுத்திருக்க, தொலைக்காத நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். போகிற வழியில் அவள் ஏறி இறங்கும் பஸ் நிலையத்திலும் கேட்டேன், பள்ளிக்கூடக் காவல்காரரிடமும் கேட்டேன். சாவி கிடந்ததா என்று மட்டும்தான் கேட்டேன், எந்த வீட்டுச் சாவி என்று மூச்சு விடவில்லை.

நானா முகம் கோணவில்லை. "வந்து செல்லினது நல்லம் தங்கச்சி" என்றார். சாவிக்கு அவர் பேச்சில் தொறப்பு என்று பெயர். "ஆனா அந்தத் தொறப்பு இப்ப யாருட கையிலயோ. என்னட்ட இருக்கிறதத் தந்து வேலையில்ல. பூட்டையே மாத்துவம். அது வரைக்கும் வீட்ட வெறுமையா போட்டுட்டுப் போகவாணாம்."

வெறுமையாகப் போடாமல் யார் இருப்பது? வேறு யார்? புதுப் பூட்டு வர நாளாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் குளித்து முழுகிக் கோயிலுக்குப் போனார்கள். டீச்சர் புது மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், அது அவளுக்கு எடுப்பாக வேறு இருந்தது. நான் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மனசு கெட்டுப் போகவில்லை. தொலைத்தவளிடம் திரும்ப யாராவது சாவி கொடுப்பார்களா? பூட்டு மாறட்டும், நாவுல பஸ் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் நானா தச்சு வேலைக்கார பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் பதித்தார்கள். இரண்டு சாவி. நானா வழக்கம்போல ஒன்றைத் தன் சட்டைப் பையில் போடப் போனார். நான் விடவில்லை.

"நானா, நீங்க வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனா கடை பூட்டு. அந்த நேரம் எங்களுக்கு அவசரம்னா தெருவுலயா நிக்கிறது? ரெண்டையும் தாங்க. வீட்ட விட்டுப் போகும்போது ரெண்டையும் எண்ணி வாங்கிக்கிங்க."

அவர் சிரித்துவிட்டார். "இந்த வீட்டுல வெவரமான ஆள் நீங்கதான் தங்கச்சி" என்று இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஆளுக்கொன்று. எவ்வளவு நியாயமான கணக்கு. எனக்கு எது, அவளுக்கு எது என்று மனதுக்குள் பிரித்தே விட்டேன், இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும்.

மாமியார் வந்து என் கையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஒன்றை டீச்சரிடம் நீட்டினார். கைப்பையின் கொக்கி 'டிக்' என்று மூடியது. மற்றதை ஒரு துணியில் முடிந்து, தன் டிரங்குப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"அது எதுக்கு அத்தை பெட்டியில?"

"டீச்சர் மறுபடி தொலைச்சுட்டா என்ன செய்றது? இருக்கட்டும்."

"அப்ப எனக்கு?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. "ஒனக்கு எதுக்குடி சாவி? நீதான் வீட்டுல இருக்கியே."

மறுநாள் காலை டீச்சர் பள்ளிக்கூடம் போனாள், கொழுந்தன் கடைக்குப் போனார், மாமியார் மகள் வீட்டுக்குப் போனார். நான் தலை வாரி, கலியாணத்துக்குக் கட்டின நீலச் சேலையைக் கட்டி, பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எதிர் வீட்டுக்காரி வாசல் படலையில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, முன்கதவு ஆன்னு தொறந்து கெடக்கு, பாக்கலியா?"

"பாத்தேன், பாத்தேன். சாவி டீச்சர்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு நாவுல பஸ் பிடிக்க நடந்தேன்.