எழுதாதவர்களை நீக்கிய மாதம்

எங்கள் குழுவில் வருடத்துக்கு ஒரு மாதம், ஆளுக்கொன்று தினமும் எழுத வேண்டும். கேரளத்தில் இருக்கிற தமிழர்களுக்காகத் தொடங்கிய செல்பேசிக் குழு. கதையோ, நினைவோ, பஸ்ஸில் கேட்ட சண்டையோ, எதுவானாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். முதல் வருடம் எல்லோரும் விழுந்து விழுந்து எழுதினார்கள். அடுத்த வருடம் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே கழன்றுகொண்டார்கள். இதை எப்படியாவது மேம்படுத்தியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்பேசியிலேயே கூட்டம் போட்டார்கள். நான் துணி துவைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மறுப்பு சொல்லாதவள் நான் ஒருத்திதான் என்று என்னைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி. வேலை மலைமேல் சித்திரபுரத்தில், மின்சார ஆபீசில். மலையாளத்தில் வரும் புகார்களுக்கு மலையாளத்தில் பதில் எழுதுவதும், மழைக்காலமானால் எங்கே மரம் விழுந்தது, எங்கே கம்பி அறுந்தது என்று போனில் கத்துவதும்தான் பகல் முழுக்க. சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்து குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் போன் நிறைய இலக்கியம். அத்தனையையும் படித்து, சரிபார்த்து, வராதவர்களுக்கு நினைவூட்டி, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். அந்த மாதத்தில் நான் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

முதல் மேம்பாடு, தினமும் ஒரு தலைப்பு. 'மழை' என்று கொடுத்தோம். ஜன்னலோரம், சூடான தேநீர், வெங்காய பஜ்ஜி என்று வந்து குவிந்தது. சின்னக்கானலிலிருந்து ஒரு எஸ்டேட் மேஸ்திரி மட்டும் 'துணி காயல' என்று இரண்டே வார்த்தை போட்டிருந்தார். அன்றைக்கு நான் ரசித்துப் படித்தது அதை மட்டும்தான். அதற்கும், இது படைப்பாகுமா என்று ஒருவர் என்னிடம் தனியாகப் புகார் செய்தார்.

அடுத்த மேம்பாடு, ஒவ்வொருவரும் மற்றவர்கள் எழுதியதற்குக் கருத்து சொல்லியே ஆக வேண்டும் என்பது. குழு முழுக்க 'அருமை' என்று நிறைந்தது. தாயார் இறந்ததைப் பற்றி எழுதியவருக்கும் அருமை. மாடு தொலைந்ததற்கும் அருமை. எரிச்சல் தாங்காமல் அந்த வார்த்தைக்கே தடை போட்டேன். மறுநாள் எல்லோரும் 'சிறப்பு' என்றார்கள். அதையும் தடுத்தேன். கைகூப்புகிற படத்தை அனுப்பத் தொடங்கினார்கள். ஆளை விட்டால் போதும் சாமி என்று நானும் விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் சக்குபள்ளம் என்ற மலையூரில் இருக்கிற ஓர் அக்காவின் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். வயதில் என்னைவிடச் சற்று மூத்தவர், தனியாக இருக்கிறார். குழுவில் சேர்ந்து முதல் கட்டுரை போட்டார். பார்த்தால் முழுக்க மலையாள எழுத்து. தமிழ்க் குழுவில் மலையாளமா என்று சிலர் கொதித்தார்கள். நான் படித்துப் பார்த்தேன். எழுத்துதான் மலையாளம், உள்ளே இருந்தது சுத்தமான தமிழ்ப் பேச்சு. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான், வாயில் ஒன்று, கையில் ஒன்று. இதை மாற்றித் தரச் செயலி இருக்கிறது என்று ஒரு மேதாவி சொன்னார். போட்டுப் பார்த்தேன். அது மலையாளம் என்றே நினைத்து மொழிபெயர்த்துத் தந்ததில் 'அவிச்ச கப்பை' என்கிற மரவள்ளிக்கிழங்கு என்னென்னவோ ஆகியிருந்தது. கடைசியில், எனக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள், நானே தமிழில் எழுதி உங்கள் பேரோடு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அடுத்த வாரமே கிள்ளிக்கொள்ளத் தோன்றியது.

அவர் தலைப்பைக் கண்டுகொள்ளவே மாட்டார். தோட்டத்தில் அட்டை கடித்தது, காய் உலர்த்தும் ஸ்டோரில் புகை பட்டுக் கண் எரிந்தது, பக்கத்து வீட்டு ஆடு சர்ச்சுக்குள் போனது என்று அன்றன்றைக்கு நடந்ததை எழுதுவார். "ஒருத்திக்கு மட்டும் கப்பை அவிச்சா ருசியா வர மாட்டேங்குது" என்று ஒருநாள் முடித்திருந்தார். இதற்கும் பத்துக் கைகூப்பல் வந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாக மாற்றித் தட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருப்பேன்.

மாதம் பாதி தாண்டியபோது, குழுவைத் தொடங்கியவர் ஒரு புதிய யோசனையோடு வந்தார். கல்பாத்திக்காரர், வங்கியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எழுதுகிறவர்கள் சோர்ந்துபோகக் காரணமே எழுதாமல் சும்மா இருக்கிறவர்கள்தான் என்று கண்டுபிடித்திருந்தார். "சும்மா எட்டிப் பாத்துண்டு இருக்கறவாளுக்குக் குழுவுல என்ன வேலை, கேட்டேளா? ஒண்ணு எழுதணும், இல்லேன்னா எறங்கிப் போகணும்" என்றார். வாரத்தில் ஒரு நாள்கூட எழுதாதவர்களை ஞாயிற்றுக்கிழமை நீக்கிவிடுவது என்று முடிவாயிற்று. நீக்குகிற வேலை யாருக்கு? எனக்குத்தான்.

அறிவிப்பு போட்ட மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சக்குபள்ளத்து அக்கா எனக்கு முதல்முறையாகப் போன் செய்தார். கொஞ்ச நேரம் மழை, கரண்டு என்று சுற்றி வளைத்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார், தமிழ்நாட்டு எண். அந்த ஒன்றை மட்டும் நீக்காமல் விட முடியுமா என்று கேட்டார். யாருங்க அது என்றேன்.

"எம்மக மேடம்" என்றார்.

மற்றதெல்லாம் அப்போது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே மகள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் போட்டால் தன்னைப் போலவே ஆகிவிடுவாள் என்று, சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மலைக்குக் கீழே கம்பம் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் விட்டிருக்கிறார். எஸ்டேட்டில் பலரும் செய்கிறதுதான். மகள் அங்கேயே தமிழ் படித்து, வளர்ந்து, அங்கேயே ஒருவனைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். அந்தப் பேச்சு வந்தபோது இவர் ஏதோ கத்த, 'ஹாஸ்டல்ல விட்ட அன்னைக்கே என்னை விட்டாச்சு' என்று போனை வைத்தவள், பிறகு எடுக்கவே இல்லை. இவர் எண்ணையும் தடுத்துவிட்டாள். எழுதி அனுப்பலாமென்றால் அம்மாவின் எழுத்தை மகளால் வாசிக்க முடியாது. குழுவில் யாராவது தமிழாக்கிப் போட மாட்டார்களா என்று, யார் போனிலிருந்தோ, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், எங்கள் குழுவில் சேரும் இணைப்பை மட்டும் அவளுக்கு அனுப்பியிருக்கிறார். சில நாள் கழித்து உறுப்பினர்களில் அவள் எண் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் இவர் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

"படிக்கிறாளா இல்லையான்னு தெரியாது மேடம். ஆனா இருக்கால்ல. அது போதும்" என்றார்.

குழு பெரிதாகிவிட்டதால் யார் படித்தார்கள் என்பதைப் போனும் காட்டாது. எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்பாத்திக்காரரிடம் பேசினேன், காரணம் சொல்லாமல். ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்று அவர் பிடித்த பிடியிலேயே நின்றார். இரண்டு பேருடைய வீட்டுச் சங்கதியை அவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தமிழ்நாட்டு எண்ணுக்கே எழுதினேன். ஏதாவது ஒரு வரி போட்டால் போதும், இல்லாவிட்டால் நீக்க வேண்டியிருக்கும், 'துணி காயல' என்றுகூடப் போடலாம் என்று. சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது.

"நான் எழுத மாட்டேன் மேடம். என்னை எடுத்துருங்க. அவங்க எழுதுறத மட்டும் எனக்குத் தனியா அனுப்புவீங்களா? அனுப்புறது அவங்களுக்குத் தெரிய வேணாம்."

படித்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நல்ல பிள்ளை, நல்ல அம்மா, நடுவில் மாட்டிக்கொள்ள நான். சரிங்க என்று ஒரு வார்த்தை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களோடு அவளையும் நீக்கினேன்.

அக்கா அன்று சாயங்காலமே பார்த்துவிட்டார். "எடுத்தாச்சுல்ல மேடம்" என்று ஒரு வரி வந்தது. என்ன சொல்ல? படிக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே. விதி அப்படிங்கக்கா, மன்னிச்சுக்குங்க என்றேன். இனி எழுத மாட்டார் என்று நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாளும் வந்தது. எதற்காக எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை. மாற்றித் தட்டி, குழுவில் ஒன்று போட்டு, மகளுக்கு ஒன்று அனுப்பினேன். அவள் படித்ததற்கு நீலக் குறி மட்டும் விழும். பதில் கிடையாது.

சும்மா இருந்தவர்களை வெளியேற்றியதில் குழு மேம்பட்டதா என்றால், இல்லை. எழுதிக்கொண்டிருந்தவர்களும் படிக்க ஆளில்லாமல் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கல்பாத்திக்காரர் அடுத்த வருடத்துக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் பதில் போடவில்லை. மாதம் முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

கடைசி வாரத்தில் ஒருநாள் அக்கா வழக்கத்தைவிடச் சின்னதாக அனுப்பியிருந்தார். "மகளை ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்ற வழியில குமுளியில எறங்கி டீ குடிச்சேன். டீ நல்லா இருந்துச்சு. அன்னைக்கு டீ நல்லா இருந்துச்சேன்னு இன்னை வரைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு." அவ்வளவுதான். அதைத் தட்டி முடிக்க எனக்கு வெகு நேரமானது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்துபோய் அணைக்கவும் தோன்றவில்லை. மகளுக்கு அனுப்பினேன். நீலக் குறி உடனே விழுந்தது.

மறுநாள் அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நாளாவது விட்டாரே என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்போது மகளிடமிருந்து, "இன்னைக்கு வரலையா மேடம்?" என்று வந்தது. வந்தால் அனுப்புகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "அவங்களுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு எழுத்தைக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். நேத்து அதை எழுதுனப்புறம் வேற ஒண்ணும் எழுதத் தோணல."

அப்படீங்களா, சரிங்க என்று வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை. "ஒரு மாசமா எத்தனையோ பேரு எழுதாம நின்னாங்க" என்றார் மெதுவாக. "நீங்க யாருக்கும் போன் போட்டு உடம்புக்கு என்னன்னு கேட்டதா நான் கேள்விப்படலையே மேடம்."

ஏதாவது பொய் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவரே பேசினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு மட்டும் அவகிட்ட சொல்லிருங்க."