தொரை வருகிறார் விளையாட்டு

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலத்தில், விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கட்டு விறகு இருக்கும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, நனையாமல் சாக்கில் சுற்றியது. வைத்தது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. சேற்றில் சைக்கிள் தடம் மட்டும் கிடந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சைக்கிள் வைத்திருந்தவர் செல்லையா மாமா ஒருவர்தான். கேட்டால், "எனக்கென்ன புள்ள தெரியும்" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தச் சைக்கிள் சிலோனிலிருந்து மாமா குடும்பத்தோடு கப்பலில் வந்தது. அங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அவருடைய அப்பா, ஒரு கிளார்க்கிடம் பழசாக வாங்கியது. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். தோட்டத்தை ஆளும் தொரையின் கார் வந்தால் கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து ஓரமாக நிற்க வேண்டும். ஒருநாள் அப்பா இறங்கச் சுணங்கிவிட்டார். தொரை பிரம்பால் முகத்திலேயே அடித்தான். பின்னால் கேரியரில் இருந்த மாமா சின்னப் பையன். அதற்கப்புறம் கார் சத்தம் கேட்டாலே அப்பாவுக்கு முன்னால் அவர் குதித்துவிடுவாராம்.

போன வருசம் குன்னூருக்கு மேலே ஒரு பங்களா ரிசார்ட்டில் பழைய சைக்கிள் திருவிழா வைத்தார்கள். அங்கே மேனேஜராக இருக்கும் சில்வஸ்டர் லயத்துக்கே வந்து மாமாவை அழைத்தார். சைக்கிளுக்கு நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். துணைக்கும் போனேன்.

போன இடத்தில் பழைய தோட்டக் காலத்தையே வேசம் கட்டியிருந்தார்கள். ஆண்கள் கோட்டும் தொரைத் தொப்பியும் போட்டு மீசை ஒட்டியிருந்தார்கள். மழைக்கும் ஈரத்துக்கும் நாங்கள் இடுப்பில் சுற்றும் படங்கை, டவுன் பெண்கள் அழகுக்குக் கட்டிக்கொண்டு, உதட்டுச் சாயத்தோடு கொழுந்துக் கூடையை மாட்டிப் படம் பிடித்தார்கள். ஒருத்தி என்னிடம், "ஆன்ட்டி, கூலி மாதிரி கரெக்டா இருக்கா?" என்றாள். மாரியாத்தா, என் வாயை அடக்கு என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் மைக்கில் ஒரு விளையாட்டைச் சொன்னார்கள். எல்லோரும் புல்தரையில் சைக்கிளில் சுற்ற வேண்டும். விசில் ஊதினால் தொரை வருகிறார் என்று அர்த்தம். யார் முதலில் இறங்கி சலாம் வைக்கிறாரோ அவருக்குப் பரிசு.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"வேணாம் மாமா, ஊட்டுக்குப் போயிரலாங்க."

"இல்ல புள்ள. நான் எறங்காம சுத்துவேன். அம்புட்டுப் பேரும் எறங்கட்டும், நான் சுத்திக்கிட்டே இருப்பேன். எங்கப்பனுக்காக ஒரு வாட்டி."

ஏறிவிட்டார். முதுகு நிமிர்ந்து, மெல்ல மிதித்துச் சுற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது. விசில் ஊதினார்கள்.

அடுத்த கணம் மாமா தரையில் நின்றார். மற்றவர்கள் பிரேக் பிடிப்பதற்குள் அவர் தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது, முதுகு வளைந்துவிட்டது. கூட்டம் கைதட்டிக் கூவியது.

"தாத்தா, ஆக்டிங் சூப்பர்!"

தொரை வேசம் போட்டவன் அவர் தோளைத் தட்டி, ரிப்பன் கட்டிய தேயிலை டப்பா ஒன்றைக் கையில் திணித்தான். ஆயுசு பூராவும் தேயிலையில் கிடந்த மனுசனுக்குத் தேயிலை டப்பா! மாமா அதைப் புல்லில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

சில்வஸ்டர் பின்னாலேயே ஓடிவந்தார். "தாத்தா, பிரைஸ விட்டுட்டுப் போறீங்க!"

"தொரைக்கே குடுத்துருங்க தம்பி."

மாமா ரோட்டோரக் குழாயடியில் நின்று வலது காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"நான் எறங்கல புள்ள. இந்தக் காலுதான் எறங்கிருச்சு. பீய மிதிச்ச மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன்.

தை மாசம் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "மாரியாத்தாகிட்ட வேண்டியிருக்கேன், பயப்படாதீங்க மாமா" என்றேன். மூச்சு வாங்கியபடியே சிரித்தார்.

"வேண்டு புள்ள. அப்படியே, நான் போற எடத்துல எந்தத் தொரை வந்தாலும் செல்லையா எறங்கமாட்டான்னு ஆத்தாகிட்ட இப்பவே சொல்லி வச்சுரு."