நெல்டா நேராகக் கேட்டது

எங்கள் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் நடத்தும் நெல்டா பர்ரியா எதிரே வந்தால் பலர் வழி மாறிப் போவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். வேதியியல் நடத்தும் எனக்குப் பக்கத்து மேசை. என் விவாகரத்துக்கு என்ன காரணம் என்று முதல் வாரமே கேட்டவள்.

ஜூலை மாதம். சிலி நாட்டின் தெற்கே எங்கள் வால்திவியாவில் மழை விட்டபாடில்லை. நெல்டாவோடு ஆற்றங்கரையில் மண் எடுக்கப் போன மாணவர்களில் இக்னாசியா மட்டும் வெறும் கம்பளிச் சட்டையோடு நனைந்தாள். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டை இன்னொரு பெண் போட்டிருந்தாள்.

"இனிமே வேண்டாம், நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டா டீச்சர். சைக்கிளையும் யாருக்கோ குடுத்துட்டாளாம்," என்றாள் அந்தப் பெண்.

இந்த ஊரில் மழைக்கோட்டை யாராவது கொடுப்பார்களா? நெல்டாவுக்குப் பிடிபடவில்லை. பரீட்சையில் தவறியதிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவள் இந்த வாரம் திடீரென்று கலகலப்பானதும் உறுத்தியது. திரும்பியதும் இக்னாசியாவை எங்கள் அறைக்கு அழைத்து வந்து, துண்டு கொடுத்து உட்கார வைத்தாள்.

"கோட்டு இல்லாம எப்படி சமாளிப்ப?"

"வெயிலடிக்கிற ஊருக்குப் போறேன் டீச்சர்."

"எந்த ஊரு?"

இக்னாசியா சிரித்தாள். ஊர்ப் பெயர் வரவில்லை.

"நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காத. செத்துப் போயிடலாம்னு நினைக்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத எண்ணத்தை இவளே கிளப்பிவிடுகிறாளே என்று பயந்தேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று பல்கலைக்கழக மனநல ஆலோசகர் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

இக்னாசியா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஆமா. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

நெல்டா புத்தி சொல்லவில்லை. எப்போதிலிருந்து, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று மெதுவாக விசாரித்தாள். பிறகு, "இதை ரகசியமா வச்சுக்க மாட்டேன். ஆலோசகர்கிட்ட இப்பவே போகலாம், வா. நானும் கூட உக்காந்திருக்கேன்," என்றாள்.

"உங்களுக்கு கிளாஸ் இருக்கே."

"அதை இவ பாத்துப்பா."

களிமண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படியோ ஒப்பேற்றினேன்.

மாலையில் இக்னாசியாவின் அக்கா சீலோவே தீவிலிருந்து வந்து கூட்டிப்போனாள். சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இக்னாசியா திரும்பி வந்து, வரலாற்றுத் துறைக்கு மாறிக்கொண்டாள். இன்னமும் ஆலோசகரிடம் போய் வருகிறாள்.

"மண்ணைத் தொட்டே ரகம் சொல்லுவா. அவ எதுக்கு வரலாறு எடுத்தா?" என்றாள் நெல்டா.

எனக்குத் தெரியாது என்றேன். அவளிடமே கேட்கக் கிளம்பிவிட்டாள்.